கந்தகம் குறைந்தால் கார்பன் கூடுமா? பிஎஸ்-6 எரிபொருளும் சுத்திகரிப்பு ஆலைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுக்கப் பெட்ரோல் பங்குகளில் பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் 6) தரத்துப் பெட்ரோலும் டீசலும்தான் கிடைக்கின்றன. வண்டிப் புகை குறைந்தது பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அந்த எரிபொருளைக் காய்ச்சி எடுக்கும் ஆலையின் புகைபோக்கியில் என்ன மாறியது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்பவர்களும் இரண்டு கோஷ்டியாக நிற்கிறார்கள். "சுத்தமான எரிபொருள், எனவே பூமிக்கும் நல்லது" என்பது ஒரு கோஷ்டி. "கந்தகத்தை எடுக்கிறேன் என்று கார்பனைக் கூட்டிவிட்டார்கள், எல்லாம் ஏமாற்று" என்பது இன்னொன்று. இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

பிஎஸ்-6 வந்தபோது எரிபொருளில் என்னதான் மாறியது?

முக்கியமாகக் கந்தகத்தின் அளவு. பாரத் ஸ்டேஜ் 3 டீசலில் 350 பிபிஎம் வரை கந்தகம் இருக்கலாம், அதாவது பத்து லட்சம் பங்கில் 350 பங்கு. பிஎஸ்-4-ல் அது 50 ஆனது. பிஎஸ்-6-ல் 10. பெட்ரோலுக்கும் பிஎஸ்-4-ல் 50, பிஎஸ்-6-ல் 10. டீசலில் பல வளைய அரோமேட்டிக் சேர்மங்களின் (கார்பன் அணுக்கள் வளையங்களாகக் கோத்திருக்கும் மூலக்கூறுகளின்) உச்ச அளவும் 11 சதவீதத்திலிருந்து 8 ஆக இறங்கியது.

பிஎஸ்-4 எரிபொருள் 2010-ல் சென்னை உட்பட 13 நகரங்களில் தொடங்கி, 2017 ஏப்ரலில்தான் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2016 ஜனவரியில், பிஎஸ்-5-ஐத் தாண்டி நேராக 6-க்குப் போவது என்று மத்திய அரசு முடிவெடுத்திருந்தது. டெல்லியின் காற்று அத்தனை மோசமாக இருந்ததால், அங்கே மட்டும் 2018 ஏப்ரலிலேயே பிஎஸ்-6 எரிபொருள் வந்துவிட்டது. 1990-களின் நடுவில் நம் டீசலில் 10,000 பிபிஎம் வரை கந்தகம் இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், கால் நூற்றாண்டில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது.

கந்தகத்தை எடுத்தே ஆக வேண்டுமா? என்ஜினுக்கு அதனால் என்ன?

என்ஜினை விட, அதற்குப் பின்னால் மாட்டியிருக்கும் புகை வடிகட்டிக்கும் வினையூக்கிக்கும்தான் கந்தகம் ஆகாது. பிளாட்டினம், பல்லேடியம் பூசிய பரப்பில் கந்தகம் ஒட்டிக்கொண்டால் அது வேலை செய்யாமல் போகும். பிஎஸ்-4-லிருந்து 6-க்கு வந்தபோது டீசல் கார்களின் துகள் வரம்பு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 ஆகவும், நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு 250-லிருந்து 80 ஆகவும் குறைக்கப்பட்டது. இதை என்ஜினை மட்டும் திருத்திச் சாதிக்க முடியாது. வடிகட்டி வேண்டும், அது நீடித்து உழைக்க 10 பிபிஎம் எரிபொருள் வேண்டும்.

ஆலையில் கந்தகத்தை எப்படி எடுக்கிறார்கள்?

ஹைட்ரஜனைக் கொண்டு. டீசலைச் சூடாக்கி, ஹைட்ரஜனோடு கலந்து, கோபால்ட்-மாலிப்டினம் அல்லது நிக்கல்-மாலிப்டினம் வினையூக்கி நிரப்பிய உலைக்குள் அனுப்புவார்கள். வெப்பநிலை 300 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை. அழுத்தம் காற்றழுத்தத்தைப் போலப் பல பத்து மடங்கு. எண்ணெய் மூலக்கூறில் ஒட்டியிருக்கும் கந்தகத்தை ஹைட்ரஜன் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடாக வெளியே வரும்.

அப்படியானால் கார்பன் எங்கே நுழைகிறது?

அந்த ஹைட்ரஜனைத் தயாரிக்கும் இடத்தில். ஆலைகள் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவையோ, கச்சா எண்ணெயிலிருந்து வடியும் லேசான திரவமான நாப்தாவையோ நீராவியோடு சேர்த்து உடைத்து ஹைட்ரஜன் எடுக்கின்றன. அதில் இருக்கும் கார்பன் முழுக்க கரியமில வாயுவாக வெளியேறுகிறது. மீத்தேன் என்றால், வேதியியல் சமன்பாட்டின்படி மட்டுமே ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 5.5 கிலோ கரியமில வாயு. உலையைச் சூடாக்க எரிக்கும் எரிபொருளையும் சேர்த்தால் 9 முதல் 10 கிலோ வரை போகும்.

இது தவிர டீசலைச் சூடாக்கும் உலை இருக்கிறது, ஹைட்ரஜனை அழுத்தும் கம்ப்ரஸர் இருக்கிறது. அவற்றுக்கும் எரிபொருளோ மின்சாரமோ வேண்டும். ஆனாலும் பெரிய பங்கு ஹைட்ரஜனுடையதுதான்.

சரி, எவ்வளவு கூடுகிறது? எண்ணாகச் சொல்லுங்கள்.

ஒரு டன் டீசலை எடுத்துக்கொள்வோம். அதை வண்டியில் எரித்தால் ஏறத்தாழ 3,150 கிலோ கரியமில வாயு வரும். இதை ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

50 பிபிஎம் டீசலை 10 பிபிஎம் ஆக்க, ஒரு டன்னிலிருந்து எடுக்க வேண்டிய கந்தகம் வெறும் 40 கிராம். அதைப் பிடுங்க வேதியியல்படி வேண்டிய ஹைட்ரஜன் 10 கிராமுக்குள்தான். அதைத் தயாரித்ததில் வந்த கரியமில வாயு 100 கிராம் என்று வையுங்கள். 3,150 கிலோவுக்கு முன்னால் 100 கிராம்! இதோடு நிறுத்தினால் "பிரச்சினையே இல்லை" என்று சொல்லிவிடலாம். விளம்பரம் எழுதுபவர்களுக்குப் பிடித்த இடம் இது.

ஆனால் உலைக்குள் போன ஹைட்ரஜனுக்கு நம்முடைய நோக்கம் தெரியாது. கந்தகத்தைத் தேடிப் போகும் வழியில் நைட்ரஜன் சேர்மங்களோடு சேரும், இரட்டைப் பிணைப்புகளை நிரப்பும், அரோமேட்டிக் வளையங்களைப் பிடித்துக்கொள்ளும். கச்சா எண்ணெயிலிருந்து நேராக வடித்த, ஒரு சதவீதம் கந்தகம் உள்ள டீசலை எடுத்துக்கொண்டால், கந்தகத்துக்கு மட்டும் வேண்டியது டன்னுக்குச் சுமார் 2 கிலோ ஹைட்ரஜன். நடைமுறையில் செலவாவது 5 கிலோ அளவில் இருக்கும். கனமான எண்ணெயை உடைத்து எடுத்த டீசலில் வளையங்கள் அதிகம். அதற்கு 15 கிலோ, 20 கிலோ கூடப் பிடிக்கும். ஆக ஒரு டன்னுக்கு 50 கிலோவிலிருந்து 200 கிலோ வரை கரியமில வாயு. வண்டியில் எரிப்பதோடு ஒப்பிட்டால் 1.6 சதவீதம் முதல் 6 சதவீதத்துக்குச் சற்று மேல் வரை.

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த முழுத் தொகையையும் பிஎஸ்-6 தலையில் கட்ட முடியாது. பெரும்பகுதி பிஎஸ்-4-க்கே செலவாகிக்கொண்டிருந்தது. கடைசிப் படிக்கான கூடுதல் அதில் ஒரு துண்டுதான்.

அதே சமயம், சதவீதம் சிறியது என்பதற்காக அலட்சியப்படுத்தவும் முடியாது. இந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ 9 கோடி டன் டீசல் எரிக்கிறது. டன்னுக்கு 10 கிலோ மட்டும் கூடினாலே 9 லட்சம் டன் கரியமில வாயு. ஆலை மேலாளர் பார்க்கும் எண் இதுதான். வண்டி ஓட்டுபவர் கண்ணில் படாத எண்ணும் இதுதான்.

40 கிராம் எடுக்க எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்? எண்ணெய் நிறுவனங்கள் பல்லாயிரம் கோடி செலவழித்ததாகச் சொன்னார்களே?

அடிப்பிடித்த பாத்திரத்தைக் கழுவியவர்களுக்கு இது புரியும்: மேலே இருப்பது தண்ணீர் ஊற்றினாலே போய்விடும், அடியில் ஒட்டியதற்குத்தான் கை வலிக்கத் தேய்க்க வேண்டும். டீசலில் அப்படி ஒட்டிக்கொண்டிருப்பது டைமெத்தில் டைபென்சோதயோஃபீன் வகை மூலக்கூறுகள். கந்தக அணு உள்ளே ஒளிந்திருக்க, இரண்டு பக்கமும் மெத்தில் குழுக்கள் காவல் நிற்கும். வினையூக்கியால் கந்தகத்தை நேராகத் தொட முடியாது. பக்கத்து வளையத்தை முதலில் ஹைட்ரஜனால் நிரப்பி, மூலக்கூறை வளைத்த பிறகே கந்தகம் கைக்கு வரும். எண்ணெயில் நைட்ரஜன் சேர்மங்கள் இருந்தால் அவை வினையூக்கியின் இடத்தைப் பிடித்துக்கொண்டு காரியத்தை இன்னும் கெடுக்கும்.

ஆலைக்கு இருக்கும் வழிகள் சில. வெப்பத்தைக் கூட்டலாம், ஆனால் வினையூக்கி சீக்கிரம் செத்துப்போகும். பெரிய உலை கட்டலாம். அழுத்தத்தைக் கூட்டலாம், அப்போது அரோமேட்டிக் வளையங்களும் சேர்ந்து நிரம்பி ஹைட்ரஜனை விழுங்கும். எதைச் செய்தாலும் பணம், எரிபொருள், அல்லது இரண்டும்.

வளையங்களுக்குப் போன ஹைட்ரஜன் முழு நஷ்டமும் இல்லை. அது டீசலிலேயே தங்கி, என்ஜினில் எரிந்து, கொஞ்சம் ஆற்றலாகத் திரும்பி வருகிறது. டீசல் எவ்வளவு எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதைச் சொல்லும் சீட்டேன் எண்ணும் ஏறுகிறது. கூடுதல் கார்பன் கணக்கைச் சொல்பவர்கள் இதை அநேகமாக விட்டுவிடுகிறார்கள்.

பெட்ரோலிலும் இதே கதைதானா?

கொஞ்சம் வேறு. பெட்ரோலில் வரும் கந்தகத்தில் பெரும்பகுதி, கனமான எண்ணெயை வினையூக்கியால் உடைக்கும் பிரிவிலிருந்து வருகிறது. அந்தப் பெட்ரோலில் ஓலிஃபின்கள், அதாவது இரட்டைப் பிணைப்பு உள்ள மூலக்கூறுகள், அதிகம். என்ஜினில் பெட்ரோல் தட்டாமல் எரிவதைக் குறிக்கும் ஆக்டேன் எண்ணை அவைதான் தாங்கிப் பிடிக்கின்றன. கந்தகத்தை எடுக்க ஹைட்ரஜனைச் செலுத்தினால் ஓலிஃபின்களும் நிரம்பி ஆக்டேன் விழும். அதனால் கந்தகத்தை மட்டும் கவனமாகத் தேர்ந்து எடுக்கும் தனிப் பிரிவுகள் கட்ட வேண்டியிருக்கிறது. சென்னை மணலியில் சிபிசிஎல் (சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன்) ஆலையில் கட்டிய பெட்ரோல் கந்தக நீக்கப் பிரிவு அந்த வகை. 2021 பிப்ரவரியில் பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

இழந்த ஆக்டேனை ஈடுகட்ட, மூலக்கூறுகளை மாற்றியமைத்து ஆக்டேனை ஏற்றும் ரிஃபார்மர் என்ற பிரிவை இன்னும் கடுமையாக ஓட்டலாம். அதற்கும் உலை எரிய வேண்டும். ஆனால் ரிஃபார்மர் துணைப்பொருளாக ஹைட்ரஜன் தருகிறது. ஆலைக்குக் கிடைக்கும் மலிவான ஹைட்ரஜன் அதுதான். இங்கே எத்தனாலும் உள்ளே வருகிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆக்டேனை எத்தனாலே தூக்கிக் கொடுக்கும், எனவே ரிஃபார்மரைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டலாம். ஓட்டினால் ஹைட்ரஜனும் குறையும். குறைந்ததை எரிவாயுவிலிருந்து எடுக்க வேண்டும். ஆலைக்குள் ஒரு வால்வைத் திருப்பினால் இன்னொன்று எங்கே திரும்பும் என்று வெளியிலிருந்து சொல்வது கடினம்.

எல்லா ஆலைக்கும் ஒரே அளவு கார்பன் கூடுமா?

கூடாது. இரண்டு விஷயங்கள் பெரிதாக வித்தியாசப்படுத்தும்.

ஒன்று, கச்சா எண்ணெய். பாம்பே ஹை எண்ணெயில் கந்தகம் மிகக் குறைவு. வளைகுடாவின் கனமான வகைகளில் 3 சதவீதத்தை நெருங்கும். இந்தியா தன் தேவையில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. கந்தகம் மிகுந்த எண்ணெய் விலை குறைவு என்பதால், அதைக் கையாளும் வசதியுள்ள ஆலைகள் அதைத்தான் வாங்கும். எரிபொருள் தரம் இறுக இறுக, மலிவான எண்ணெய்க்கும் சுத்தமான டீசலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை ஹைட்ரஜனால்தான் நிரப்புகிறார்கள்.

இன்னொன்று, ஹைட்ரஜனின் மூலப்பொருள். நாப்தாவிலிருந்து எடுத்தால் சமன்பாட்டின்படியே கிலோவுக்கு 7.3 கிலோ கரியமில வாயு. மீத்தேன் என்றால் 5.5 கிலோ. அதனால் ஆலைக்குக் குழாயில் எரிவாயு வருகிறதா என்பது முக்கியமான கேள்வி. எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019-ல் திறந்த பிறகுதான் மணலிக்கு அந்த வாய்ப்பு வந்தது. பழைய ஆலைகளில் உலைகளுக்கு ஃபர்னஸ் ஆயில் எரித்த காலத்தோடு ஒப்பிட்டால், எரிவாயுவுக்கு மாறியதில் குறைந்த கார்பன், கந்தக நீக்கத்தில் கூடிய கார்பனில் ஒரு பகுதியையாவது ஈடுகட்டியிருக்கும். இதனால்தான் "பிஎஸ்-6 வந்த பிறகு ஆலையின் புகை எவ்வளவு ஏறியது" என்ற கேள்விக்கு ஆண்டறிக்கையின் ஒரே எண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. புதுப் பிரிவு ஏற்றும், எரிவாயு இறக்கும், உற்பத்தி கூடினால் மறுபடி ஏறும்.

எடுத்த கந்தகம் எங்கே போகிறது?

ஹைட்ரஜன் சல்பைடைக் கிளாஸ் முறை என்ற வழியில் மஞ்சள் நிறக் கந்தகமாக மாற்றி விற்றுவிடுகிறார்கள். பெரும்பாலும் கந்தக அமிலமாகி, பாஸ்பேட் உரத்துக்குப் போகும்.

ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இதில் லாபமா நஷ்டமா?

நாடு முழுக்க லட்சக்கணக்கான வண்டிகளின் வாலில் சிதறிக்கொண்டிருந்த கந்தகம் இப்போது சில ஆலைகளின் வேலிக்குள் குவிகிறது. கந்தக மீட்புப் பிரிவு ஒழுங்காக ஓடினால் 99 சதவீதத்துக்கும் மேல் பிடித்துவிடலாம். அது நின்றாலோ திணறினாலோ, வாயுவை எரித்துக் கந்தக டை ஆக்சைடாக வெளியே விடுவார்கள். அதைச் சுவாசிப்பது அக்கம்பக்கத்து ஊர். மணலி 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகள் பட்டியலில் இருந்த ஊர். எரிபொருள் தரத்தைப் பாராட்டும் அறிக்கைகளில் அந்த ஊர் பேர் வருவதில்லை. பங்கில் வரும் டீசலைச் சோதிப்பது போலவே கந்தக மீட்புப் பிரிவு ஓடிய நேரத்தையும் பொதுவில் வெளியிட வேண்டும் என்பது என் கருத்து.

கப்பல் எரிபொருளிலும் கந்தகத்தைக் குறைத்தார்களே?

ஆமாம், 2020 ஜனவரி 1 முதல். சர்வதேச கடல்சார் அமைப்பு உச்ச வரம்பை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்தது. கப்பல்கள் எரித்தது ஆலையின் அடிமண்டி. அதைச் சுத்தமாக்க டீசலை விட அதிகம் ஹைட்ரஜன் பிடிக்கும், அல்லது கோக்கர் என்ற பிரிவில் சூட்டால் உடைத்து, பெட்கோக் என்ற திடக் கரியாக எடுக்க வேண்டும். பல ஆலைகள் கந்தகம் குறைந்த எண்ணெய்களைக் கலந்தே சமாளித்தன. பல கப்பல்கள் புகை கழுவும் கருவியை மாட்டிக்கொண்டு பழைய எண்ணெயையே எரிக்கின்றன.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. கந்தகப் புகையிலிருந்து வரும் சல்பேட் துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பி, மேகங்களை வெளுப்பாக்கும். கப்பல் பாதைகளின் மேல் தெரிந்த வெள்ளைக் கோடுகள் 2020-க்குப் பிறகு வெகுவாகக் குறைந்ததைச் செயற்கைக்கோள்கள் காட்டின. அதாவது, கரியமில வாயுவின் சூட்டில் ஒரு பங்கை மறைத்துக்கொண்டிருந்த திரை விலகியது. திரை போனதற்காக அழுக்குப் புகையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வது அபத்தம். ஆனால் கந்தகக் குறைப்பைப் பருவநிலை நடவடிக்கை என்று விற்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிஎஸ்-6 வண்டி கார்பனையும் குறைக்கிறதா?

பிஎஸ் தரம் கரியமில வாயுவுக்கு வரம்பு வைக்கவில்லை. அதற்குத் தனி விதி இருக்கிறது: கார் நிறுவனங்களின் சராசரி கிலோமீட்டருக்கு 130 கிராம் என்று 2017-18-ல் தொடங்கி, 2022-23-ல் 113 கிராம் ஆனது. ஆனால் டீசல் வடிகட்டி பிடிக்கும் கரித்துகள் இருக்கிறதே, அது சூரிய வெப்பத்தை உறிஞ்சும் பொருள். அதைக் குறைப்பது பருவநிலைக்கும் உதவிதான். ஆலையில் கூடிய கார்பனுக்கு எதிராக இதைத் தட்டில் வைத்தே ஆக வேண்டும்.

அப்படியானால் பிஎஸ்-6 தேவையா, இல்லையா?

தேவை. ஒரு பக்கம் ஆலையில் ஒன்றிரண்டு சதவீதக் கார்பன், இன்னொரு பக்கம் பள்ளி வாசலில் நிற்கும் பிள்ளைகளின் நுரையீரல். இதை ஒரே தராசில் வைத்து யோசிக்கவே எனக்குத் தோன்றவில்லை. குறை தரத்தில் இல்லை. பங்கில் வரும் டீசலில் எத்தனை பிபிஎம் என்று மட்டும் விதி கேட்கிறது. எந்த ஹைட்ரஜனால் அந்த 10-ஐ எட்டினீர்கள் என்று கேட்பதில்லை.

பசுமை ஹைட்ரஜன் வந்தால் தீர்ந்துவிடுமா?

எந்த மின்சாரத்தில் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. பெருக்கிப் பாருங்கள்: 35 கிலோ. எரிவாயுவிலிருந்து எடுத்தால் 10 கிலோதான்! சூரிய ஒளி, காற்றாலை மின்சாரத்தை நேராகக் கொடுத்தால் மட்டுமே இதில் பொருள் உண்டு.

2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. இந்தியன் ஆயில் பானிபட் ஆலைக்காக ஆண்டுக்கு 10,000 டன் அளவில் ஒரு திட்டத்தைக் கையில் எடுத்திருக்கிறது. நாட்டின் மொத்த ஹைட்ரஜன் பயன்பாடு ஏறத்தாழ 60 லட்சம் டன் என்பதையும் கூடவே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆலைகள் இதற்கு நல்ல முதல் வாடிக்கையாளர்கள், ஏனென்றால் ஹைட்ரஜன் குழாய் அங்கே ஏற்கெனவே ஓடுகிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தடை விலைதான்.

ஆலையின் கார்பனை யாராவது கணக்கெடுக்கிறார்களா?

2016-ல் தொடங்கிய இரண்டாம் சுற்றிலிருந்து ஆலைகள் 'பாட்' ஆற்றல் சேமிப்புத் திட்டத்துக்குள் வந்தன. அது ஆற்றலை அளந்தது, கார்பனை நேராக அளக்கவில்லை. 2023-ல் அறிவித்த கார்பன் வரவு வர்த்தகத் திட்டத்தில் உற்பத்தியோடு ஒப்பிட்ட உமிழ்வு இலக்குகள் வருகின்றன, சுத்திகரிப்பு ஆலைகளும் அதில் உண்டு. கந்தக நீக்கத்துக்காகக் கூடும் ஹைட்ரஜனை இந்த இலக்குகள் எப்படி நடத்துகின்றன என்பதுதான் பார்க்க வேண்டியது. அதற்குத் தனிச் சலுகை கொடுத்தால் ஆலைக்கு மாறத் தூண்டுதல் இருக்காது. கொஞ்சமும் கொடுக்காவிட்டால், கந்தகம் மிகுந்த எண்ணெயைச் சுத்தம் செய்யும் ஆலை, எளிய ஆலையை விட மோசமாகத் தெரியும்.

கலிஃபோர்னியாவில் இருக்கும் குறை-கார்பன் எரிபொருள் விதியும் இதுவும் ஒன்றா?

இல்லை. 2011-ல் நடைமுறைக்கு வந்த அந்த விதி, எண்ணெய் எடுப்பது முதல் வண்டியில் எரிவது வரை மொத்தக் கார்பனையும் எரிபொருளின் கணக்கில் சேர்க்கிறது. ஆலை பசுமை ஹைட்ரஜனுக்கு மாறினால் அங்கே வரவு கிடைக்க வழி இருக்கிறது. பாரத் ஸ்டேஜ் விதி எரிபொருளின் குணத்தை மட்டும் பார்க்கிறது.

என்னிடம் பழைய பிஎஸ்-3 டீசல் வண்டி இருக்கிறது. இந்த எரிபொருளால் பம்ப் கெட்டுவிடும் என்கிறார்களே?

ஹைட்ரஜன் சிகிச்சையில் டீசலின் இயற்கையான வழுவழுப்பு குறையும் என்பது உண்மை. அதற்காகவே மசகுச் சேர்மானம் கலக்கிறார்கள். பிஎஸ்-6 தரத்திலேயே அதற்கு ஒரு சோதனை வரம்பு உண்டு. தாராளமாகப் போடலாம். வடிகட்டி இல்லாத பழைய வண்டியிலும் சல்பேட் புகை உடனே குறையும்.